துண்டு வெட்டிய பின்னர்

வைத்தியசாலையில் தங்கியிருந்த நோயாளருக்கு வீடு செல்ல அனுமதி கிடைத்துவிட்டால், "துண்டு வெட்டியாயிற்று" என்று சொல்வது இலங்கைத் தமிழரிடையே வழங்கிவரும் பேச்சு. சிங்கள மக்களும் இதே பொருளில் "டிக்கட் வெட்டுதல்" என்றே கூறுவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விடுதியில் ஒரு கலகலப்புப் பிறக்கும். கட்டிலுக்கடியில் இருந்த பை மேலே வரும். பிளாஸ்கும் கோப்பையும் கழுவப்படும். வீட்டிலிருந்து வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றும். கட்டில் வெறுமையாகும், அடுத்த நோயாளர் அதில் வந்து படுப்பார். வைத்தியசாலையின் கணக்கில் ஒரு வேலை நிறைவெய்தியதாகக் குறிப்பு எழுதப்படும்.

வேலை உண்மையிலே நிறைவெய்திவிட்டதா என்பதே இன்றைய பேச்சின் பொருள். வெட்டப்பட்டது துண்டு மட்டுந்தானா, அல்லது நோயாளருக்கும் அவரைக் காத்த கைகளுக்கும் இடையே இருந்த தொடர்பும் அதனோடு வெட்டுண்டு போயிற்றா? இதனை அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீடு சென்றவர்களுள் எத்தனை பேர் 30 நாட்களுக்குள், எதிர்பாராத வகையில், மீண்டும் வந்து அதே கட்டில்களில் படுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே அவ்வழி. அவ்வாறு திரும்பி வந்தவர்களுள், சற்றுக் கவனம் செலுத்தியிருந்தால் வராமலே இருந்திருக்கக் கூடியவர் எத்தனை பேர் என்பது அதனைத் தொடர்ந்து எழும் கேள்வி. உலகின் பல நாடுகளில் வைத்தியப் பராமரிப்பின் தரத்தை அளக்கும் கோல்களுள் ஒன்றாக இக்கணக்கு இன்று கொள்ளப்படுகிறது.

பொதுமக்கள் ஒரு வைத்தியசாலையின் சிறப்பை எதனைக் கொண்டு மதிக்கின்றனர்? மாடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு. புதிதாக வந்திறங்கிய இயந்திரங்களைக் கொண்டு. அங்கு பணிபுரியும் விசேட வைத்தியர்களின் பெயரைக் கொண்டு. அரசாங்கமோ கட்டில்களை எண்ணுகிறது, அனுமதிக்கப்பட்டோரை எண்ணுகிறது, வெளியேறியோரை எண்ணுகிறது. கொரோனாத் தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில், இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆண்டொன்றுக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட அனுமதிகள் பதிவாயின. இரண்டே கால் கோடியை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாட்டில், கட்டணம் எதுவுமின்றி இத்தனை பேருக்கு இடமளிப்பது பெருமைக்குரிய செய்தியே.

ஆயினும் இந்த எண்ணிக்கையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இது மனிதரை எண்ணிய கணக்கன்று. வரவுகளை எண்ணிய கணக்கு. ஒருவரே ஓராண்டில் மூன்று முறை வந்து படுத்தெழுந்தால், பதிவேட்டில் மூன்று பேர் குணமாகி வெளியேறியது போலவே தோற்றமளிக்கும். முதன்முறை செய்த சிகிச்சை வீட்டு வாசலைத் தாண்டி நிலைக்கவில்லை என்ற குறை, பதிவேட்டில் குறையாகத் தெரிவதில்லை. கூடுதலாகச் செய்த வேலையாகவே தெரிகிறது. தோல்வி வெற்றியின் உடையை அணிந்துகொண்டு நிற்கும் இடம் இதுவே. ஆகையினாலேதான் திரும்பி வருவோரைத் தனியாகப் பிரித்து எண்ண வேண்டும் என்ற எண்ணம் வைத்திய உலகில் தோன்றியது.

இவ்வெண்ணம் நேற்று இன்று முளைத்ததன்று. 1860ஆம் ஆண்டில் இலண்டனில் புள்ளிவிபர அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியபோது, எல்லா வைத்தியசாலைகளும் ஒரே வகையான படிவத்தில் தம் நோயாளரின் கதியைப் பதிந்து வைக்க வேண்டும் என்ற திட்டத்தைப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் முன்வைத்தார். கைவிளக்கேந்திய தாதியாக மட்டுமே பலர் அறிந்துள்ள அவ்வம்மையார், எண்களைக் கொண்டு உண்மையை வெளிக்கொணர்வதிலும் வல்லவராக விளங்கினார்.

அவருக்கு அரை நூற்றாண்டின் பின்னர், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஏர்ணெஸ்ட் கொட்மன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நோயாளர் வாசலைக் கடந்ததுடன் வைத்தியரின் பொறுப்பு ஒழிந்துவிடுவதில்லை. சிகிச்சையின் இறுதிப் பயன் யாதென்பதை அறியும் வரை அவரைத் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். பயன் கிட்டாவிட்டால் ஏன் கிட்டவில்லை என்று ஆராய வேண்டும் என்பது அவரது கொள்கை. 1911ஆம் ஆண்டில் தாமே ஒரு சிறிய வைத்தியசாலையைத் தொடங்கி, 1916ஆம் ஆண்டு வரையில் அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளரின் வரலாற்றைப் பதிந்து வைத்தார். அவற்றில் நேர்ந்த 123 பிழைகளையும் மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டார். சக வைத்தியர் பலருக்கு அவர் வேண்டாதவரானார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை எவராலும் அழிக்க முடியவில்லை.

பொஸ்டனிலிருந்து இப்பொழுது உக்குவளைக்கு வருவோர், இதே கேள்வியை வேறோர் உருவத்திற் காண்பர். மாத்தளை நகருக்குத் தெற்கே, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த சிற்றூர் உக்குவளை. மிளகும் கொக்கோவும் இறப்பரும் வளரும் மலைச்சரிவுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கு அயலவராக வாழ்கின்றனர். நாட்டின் நினைவில் அவ்வூரின் பெயரை நிறுத்தியது அதன் நீர்மின் நிலையம். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக வந்து, 1976ஆம் ஆண்டு முதல் அங்கு மின்சாரத்தைத் தந்து வருகிறது. அந்நீரின் பயணம் உக்குவளையில் முடிந்துவிடுவதில்லை. சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கையை அடைந்து, வடக்கே வறண்ட பிரதேசத்து வயல்களை நோக்கிச் செல்கிறது. அணைக்கதவைத் திறந்துவிட்ட அளவில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் தம் கடமை முடிந்ததெனக் கொள்வதில்லை. கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்பதே அவர் கேட்கும் கேள்வி. வைத்தியசாலையும் அவ்வாறே கேட்க வேண்டும் என்பது நியாயமன்றோ?

உக்குவளைச் சரிவில், தோட்டமொன்றின் லயத்தில் வாழும் மூதாட்டி ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். அவருக்குப் பெயரிட வேண்டுவதில்லை. அவரைப் போன்றோர் மலைநாடெங்கும் பலர் உளர். முப்பது ஆண்டுகள் இறப்பர்ப் பால் வெட்டிய கைகள் அவருடையவை. இதயம் தளர்ந்து, கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறும் நிலையில் பெரிய வைத்தியசாலை ஒன்றில் அவர் அனுமதிக்கப்படுகிறார். வைத்தியர் விரைந்து செயற்படுகின்றனர்; தாதியர் இரவெல்லாம் கண்விழிக்கின்றனர். தேங்கிய நீர் வடிகிறது, மூச்சுச் சீராகிறது. ஐந்தாம் நாள் துண்டு வெட்டப்படுகிறது. பத்தொன்பதாம் நாள் இரவில், அதே வீக்கத்தோடும் அதே திணறலோடும், முச்சக்கர வண்டியில் அவர் மீண்டும் கொண்டுவரப்படுகிறார்.

இடையே என்ன நடந்தது? அவர் கையிற் கொடுத்த அட்டையில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. விளக்கமோ, பலர் காத்துநிற்கும் அவசரத்தில், அவருக்கு அரைகுறையாகவே விளங்கும் சிங்களத்திற் கூறப்பட்டது. அவர் தலையசைத்தார். தலையசைப்பு விளங்கிக்கொண்டதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அரசியலமைப்பிலுள்ள மொழி மருந்துப் பொட்டலத்தின் மேல் வந்து சேர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

வீட்டிற்கு வந்த மூதாட்டி நீர்மாத்திரையை விழுங்கினார். அதன் பயனாக அடிக்கடி வெளியே செல்ல வேண்டியதாயிற்று. மலசலகூடமோ லயத்திலிருந்து எட்ட இருக்கிறது. படிகள் மழையில் வழுக்குபவை. நான்காம் நாள் அம்மாத்திரையை அவர் தாமே நிறுத்திவிட்டார். உப்பைக் குறைக்க வேண்டுமென்பதை மருமகள் அறியார். கருவாடும் சம்பலும் வழக்கம்போலச் சமைக்கப்பட்டன. முன்னர் தனியார் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை ஒன்று பெட்டியில் மீதமிருந்தது. வைத்தியசாலை கொடுத்ததும் அதுவும் ஒரே மருந்து. பெயர்கள் மட்டுமே வேறு. இரண்டையும் அவர் விழுங்கினார். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் உலவுவதால் ஏற்படும் குழப்பத்தை நீக்க வேண்டுமென்று பேராசிரியர் சேனக பிபிலே போராடியதும், அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. கடைசியாக, இரண்டு வாரத்தில் கிளினிக்குக்கு வரும்படி குறித்த நாள் வந்தது. அன்று மகனுக்கு வேலைநாள். சம்பளத்துக்கோ இன்னும் ஒரு கிழமை இருந்தது. "அடுத்த முறை போகலாம்" என்று வீட்டார் இருந்துவிட்டனர்.

இவற்றுள் எதுவும் பெருங்குற்றமன்று. எவர் மீதும் விரல் நீட்டிப் பழிசொல்ல இயலாது. வைத்தியர் தம் கடமையைச் செய்தார். தாதி தம் கடமையைச் செய்தார். மருமகளும் தமக்குத் தெரிந்தவரையிற் பார்த்துக்கொண்டார். ஆயினும் நோய் திரும்பிவிட்டது. குறை விடுதியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே கிடந்த வழியில் இருக்கிறது. தடுத்திருக்கக்கூடிய மறு அனுமதிகளின் எண்ணிக்கை அளந்து காட்டுவது இந்த இடைவழியைத்தான்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. துண்டு வெட்டிய மறுகணமே நோயைத் தீர்ப்பவர் விலகிவிடுகிறார். மருந்து பொட்டலமாக மாறிவிடுகிறது. அருகிருந்து கொடுக்கும் பொறுப்பு, எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு மகள் மீதோ மருமகள் மீதோ ஒரே நாளில் வந்து விழுகிறது. நான்காவது கூறாகிய அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் நோயாளரை அனுப்புவது, மூன்று காலில் நாற்காலியை நிறுத்த முயல்வதை ஒக்கும்.

இவ்விடத்தில் ஒரு பாகுபாடு அவசியமாகிறது. திரும்பி வருவோர் அனைவரும் தவறினாலேயே திரும்பி வருகின்றனர் எனக் கருதுவது பெரும்பிழையாகும். இரத்தம் ஏற்றிக்கொள்ள மாதந்தோறும் வரும் தலசீமியாக் குழந்தையும், அடுத்த சுற்று மருந்துக்கென நாள் குறித்து வரும் புற்றுநோயாளரும் இக்கணக்கிற் சேரார். நல்ல கவனிப்பு இருந்தும் நோயின் இயல்பினால் முற்றி வருவோரும் உளர். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், இப்பொருள் பற்றிய 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தவிர்த்திருக்கக்கூடிய மறு அனுமதிகள் நூற்றுக்கு ஐந்து மட்டுமே என்றது ஓர் ஆய்வு. எழுபத்தொன்பது என்றது மற்றோர் ஆய்வு. நடுவே நின்ற அளவு நூற்றுக்கு 27. அதாவது திரும்பி வரும் நால்வருள் ஏறத்தாழ ஒருவரைக் காத்திருக்கலாம் என்பதாகும். நான்கில் ஒன்று சிறிய பங்கன்று. ஆயினும் ஏனைய மூவரையும் அதனுடன் சேர்த்து எண்ணி ஒரு வைத்தியசாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையன்று.

அமெரிக்க ஐக்கிய நாடு இப்பாடத்தை அதிக விலை கொடுத்தே கற்றது. அங்கு முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியின் கீழ்ச் சிகிச்சை பெற்றோர் பற்றிய பேராய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீடு சென்றவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டிருந்தார். அதனினும் சிந்திக்க வைத்த செய்தி மற்றொன்று. சத்திரசிகிச்சையல்லாத நோய்களுக்காகத் தங்கி, வீடு சென்று, 30 நாட்களுக்குள் திரும்பியவர்களுள் பாதிப்பேர், இடையில் எந்த வைத்தியரையும் அவரது பணிமனையிற் கண்டதற்கான கணக்கே இல்லை. உலகின் மிக விலையுயர்ந்த வைத்திய அமைப்பிலும் இடைவழி வெறிச்சோடியே கிடந்தது.

அந்நாட்டரசு சட்டம் இயற்றியது. மாரடைப்பு, இதயத்தளர்ச்சி, நிமோனியா ஆகிய நோய்களில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் திரும்பி வரும் வைத்தியசாலைகளுக்கு, 2012 ஒக்டோபர் மாதம் முதல் கொடுப்பனவு குறைக்கப்பட்டது. முதலாண்டில் நூற்றுக்கு ஒன்று வரையிலிருந்த தண்டனை, பின்னர் மூன்று வரை உயர்ந்தது. மறு அனுமதிகள் குறையத்தான் செய்தன. ஆனால் வேறு சில நிழல்களும் உடன் வந்தன. திரும்பி வந்தோரை "அனுமதி" என்று பதியாமல், "கண்காணிப்பு" என்ற பெயரில் வைத்திருக்கும் வழக்கமும் இக்காலத்திற் பெருகிற்று. ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் வைத்தியசாலைகளே அதிகமாகத் தண்டிக்கப்பட்டன. வறுமையின் பயனை வைத்தியரின் தவறாகக் கணக்கிட்டமையே அதற்குக் காரணம். அதனால் 2016ஆம் ஆண்டில் வேறொரு சட்டத்தின் மூலம், ஏழை நோயாளரை ஒரே அளவில் ஏற்கும் வைத்தியசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை வகுக்கப்பட்டது. இதயத்தளர்ச்சி நோயாளரிடையே இறப்பு விகிதம் அதே காலத்தில் உயர்ந்ததா, அதற்கு இத்தண்டனை காரணமா என்பது அறிஞரிடையே பெரும் விவாதமாயிற்று.

இறந்தவர் திரும்பி வருவதில்லை என்பதை இங்கு மறத்தலாகாது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரும் பதிவேட்டில் வரமாட்டார். எனவே மறு அனுமதி குறைந்தது என்ற செய்தியைத் தனியே கேட்டு மகிழ்தல் கூடாது. இறப்பின் கணக்கையும் அருகே வைத்துப் படிக்க வேண்டும். இவ்வளவுகோல் கையில் ஏந்தும் விளக்காக இருக்க வேண்டுமேயன்றி, முதுகில் விழும் பிரம்பாக மாறலாகாது. பிரம்புக்கு அஞ்சுவோர் எண்ணை மாற்றுவர். விளக்கைப் பெற்றோர் வழியைத் திருத்துவர்.

வழியைத் திருத்த முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மேரி நெய்லர் என்ற தாதியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட ஆய்வு 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மீண்டும் நோயுறக்கூடிய முதியோரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பையும், மறு பிரிவினருக்கு விசேட பயிற்சி பெற்ற தாதி ஒருவரையும் அளித்தனர். அத்தாதி விடுதியிலேயே நோயாளரைச் சந்தித்தார், வீடு சென்ற பின்னர் நான்கு வாரங்கள் வரை வீட்டிற்கே சென்று பார்த்தார், தொலைபேசியிலும் விசாரித்தார். 24 வாரங்களின் முடிவில், வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 37 பேர் ஒரு முறையேனும் வைத்தியசாலைக்குத் திரும்பியிருந்தனர். தாதி தொடர்ந்து சென்றோருள் திரும்பியவர் நூற்றுக்கு 20 பேர் மட்டுமே. இதற்குப் புதிய மருந்தும் வேண்டியிருக்கவில்லை. புதிய இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை.

இதனைக் கேட்ட அளவில், "அமெரிக்கச் செல்வம் இங்கு ஏது?" என்று வினவுவோர் இருக்கலாம். அவர்கள் தங்கள் ஊரிலேயே ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வைத்தியசாலையிற் குழந்தையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் தாயைத் தேடி, குடும்பநல மாது வீட்டுக்கே வருகிறார். முதற் பத்து நாட்களுக்குள் இரண்டு முறை வரவேண்டும் என்பது அவருக்கு வகுக்கப்பட்ட விதி. காய்ச்சல் உண்டா, இரத்தப்போக்கு உண்டா, குழந்தை பால் குடிக்கிறதா, தொப்புள் காய்ந்ததா என்று கேட்கிறார், பார்த்துப் பதிகிறார், ஆபத்தின் அறிகுறி இருந்தால் உடனே அனுப்பி வைக்கிறார். 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த செல்வம் இது. 1930களில், இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அவ்வெண்ணிக்கை 40க்குக் கீழே நின்றது. இவ்வெற்றியிற் பங்குகொண்ட காரணங்கள் பல. வீடு தேடிச் சென்ற அந்தப் பெண்களின் கால்நடையும் அவற்றுள் ஒன்று.

ஆகவே, துண்டு வெட்டிய பின்னரும் தொடர்பு அறாமற் காக்கும் கலை இந்நாட்டுக்குப் புதியதன்று. தாய்க்குக் கிடைக்கும் அத்தொடர்பு இதய நோயாளருக்கும், நீரிழிவினாற் காலிற் புண் உண்டாகிய தோட்டக்காரருக்கும், அடுப்புப் புகையில் நுரையீரல் நலிந்த பாட்டிக்கும் அதே அளவில் இன்னும் கிடைக்கவில்லை என்பதே குறை. 2020ஆம் ஆண்டில் ஊரடங்கு நிலவியபோது, கிளினிக் நோயாளர் பலருக்கு மாதாந்த மருந்துகள் தபாற்காரர் மூலம் வீட்டுக்கே சென்று சேர்ந்தன. நெருக்கடி வந்தபோது வழி பிறந்தது. நெருக்கடி இல்லாத நாளிலும் அத்தகைய வழியைத் திறந்து வைப்பதற்குத் தடை யாது?

தடைகள் சில இருக்கவே செய்கின்றன. இந்நாட்டில் எவரும் எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் செல்லலாம். அது மக்களுக்குள்ள உரிமை. அதனால், மாத்தளையில் துண்டு வெட்டிய உக்குவளைவாசி, அடுத்த முறை கண்டிக்குச் செல்லக்கூடும். முதலிற் பார்த்தவர் அவர் குணமடைந்துவிட்டார் என்றே எண்ணியிருப்பார்; இரண்டாவதாகப் பார்ப்பவர் அவரைப் புதிய நோயாளர் என்றே கொள்வார். மேலும், ஒரே தமிழ்ப் பெண்ணின் பெயர் மூன்று பதிவேடுகளில் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்களில் எழுதப்படுவதுண்டு. அம்மூவரும் ஒருவரே என்பதைக் கண்டறிவது எளிதன்று. ஒவ்வொருவருக்கும் மாறாத சுகாதார இலக்கம் ஒன்றை வழங்கும் முயற்சி இக்காரணத்தினாலேயே முக்கியமாகிறது. மனிதரை அடையாளங் காணாத ஏடு, அவர் திரும்பி வந்ததையும் அடையாளங் காணாது.

அத்துடன், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வைத்தியசாலையில் மருந்து இல்லாமையால் வெளியே வாங்கும்படி சீட்டு எழுதப்பட்டது. வாங்க இயலாதவர் வாங்காமலே வீடு சென்றனர். அத்தகையோர் மீண்டும் வந்து படுத்தபோது, அந்த வரவுக்கு விடுதித் தாதியைப் பொறுப்பாளி ஆக்குவது அநீதியாகும். திரும்பி வந்தவரிடம் "ஏன் வந்தீர்?" என்று சினந்து கேட்பதும் தகாது. "எது உங்களைத் திரும்ப வைத்தது?" என்று அமைதியாகக் கேட்டு, விடையை ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் போதும். மொழியா, மருந்தா, பேருந்துக் கட்டணமா, உணவா, தனிமையா என்பது அதில் துலங்கும். ஒவ்வொரு மாதமும் அவ்வேட்டை வைத்தியரும் தாதியரும் மருந்தாளரும் ஒன்றாக அமர்ந்து படித்தால், அடுத்த மாதம் திருத்த வேண்டியது எதுவென்பது தானே விளங்கிவிடும். பெரிய வைத்தியசாலை தன் நோயாளரை அவர்தம் ஊருக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையிடம் ஒரு கடிதத்தோடு ஒப்படைப்பதும் இன்றியமையாதது. வெட்டிய துண்டின் மறுபாதி ஊரில் ஒருவர் கையில் இருத்தல் வேண்டும்.

அரசாங்கமும் வைத்தியசாலையும் செய்ய வேண்டியவை இவை. வீட்டாருக்கும் ஒரு பங்குண்டு. நோயாளரை அழைத்துச் செல்ல வரும் உறவினர், முச்சக்கர வண்டி காத்திருக்கிறதே என்று அவசரப்படாமல், ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். நோய் யாது? எந்த மருந்தை எப்பொழுது, எத்தனை நாட்களுக்குக் கொடுப்பது? வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளில் எவற்றை நிறுத்துவது? எந்த அறிகுறி தோன்றினால் கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் உடனே வரவேண்டும்? கிளினிக்குக்கு என்றைக்கு, எங்கே வருவது? இவ்வைந்துக்கும் விடை பெற்ற பின்னர், கேட்டதைத் தம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். தாதியும் அதனைப் பொறுமையோடு கேட்டுத் திருத்த வேண்டும். தலையசைப்பு விடையாகாது, திருப்பிச் சொல்வதே விடையாகும். மொழி விளங்காவிட்டால், அடுத்த கட்டிலில் இருமொழியும் அறிந்தவர் ஒருவர் இருந்தால் அவரை அழைப்பதில் வெட்கமில்லை. நாளடைவில் அத்தகைய ஒருவரை வைத்தியசாலையே நியமித்துக்கொள்ளும் நிலை வரவேண்டும்.

இதயம் தளர்ந்தவரின் வீட்டில், நாள்தோறும் காலையில் அவரது நிறையைப் பார்த்து எழுதுவது பெரும் பயன் தரும். மூன்று நாட்களுக்குள் நிறை இரண்டு கிலோகிராம் ஏறினால், ஏறியது பெரும்பாலும் சதையன்று, தேங்கும் நீரே. வீக்கமும் திணறலும் தோன்றுமுன்னரே எச்சரிக்கும் மணி அது. தராசு இல்லாத லயத்தில், தோட்டத்து மருந்தகத்திலோ பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ உள்ள தராசு உதவக்கூடும். மேற்சொன்ன மூதாட்டியை பத்தாம் நாளில் எவரேனும் ஒருவர் அத்தராசில் ஏற்றிப் பார்த்திருந்தால், பத்தொன்பதாம் நாள் இரவு அவர் தம் சொந்தப் பாயில் உறங்கியிருப்பார்.

ஒரு வைத்தியசாலையின் தரம் அதன் விடுதிக்குள்ளே மட்டும் இருப்பதன்று. உக்குவளைச் சரிவின் வழுக்குப் படிகளிலும், மருமகளின் அடுப்படியிலும், மாத்திரைப் பெட்டியிலும் அது சோதிக்கப்படுகிறது. துண்டு வெட்டும் வேளையில் நோயாளரின் பெயருக்கு எதிரே இன்னுமொரு வரி எழுதப்படுமானால் அச்சோதனையில் வெல்லலாம். "பத்தாம் நாளில் இவரைப் பார்க்கப் போகிறவர் யார்?" என்பதே அவ்வரி.